எழுதாத விதியின் எடை

2023 நவம்பர் 18 அன்று, எல் சால்வடோர் நாட்டின் தலைநகரான சான் சால்வடோரில் பிரபஞ்ச அழகிப் போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. வந்திருந்த 84 பேரில் அடுத்த கட்டத்துக்குப் போகும் 20 பேரின் நாடுகள் ஒவ்வொன்றாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் நேபாளமும் ஒன்று. அந்நாட்டின் சார்பில் வந்தவர் ஜேன் தீபிகா கேரட்; வயது 22; செவிலியர். மற்ற 19 பேரின் பக்கத்தில் அவர் நின்றபோது வேறுபாடு யார் கண்ணுக்கும் தப்பவில்லை. சினைப்பையில் நீர்க்கட்டி என்று நம் வீடுகளில் சொல்லப்படும் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு தனக்கு இருப்பதையும், அதனால் எடை கூடியதையும், மனம் சோர்ந்துபோனதையும் ஒளிக்காமல் பேசியவர் அவர். பிளஸ் சைஸ் என்று ஃபேஷன் தொழிலில் வழங்கும் உடலளவோடு அந்த மேடையில் ஏறிய முதல் பெண் என்று உலகப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. போட்டி தொடங்கிய ஆண்டு 1952. அப்படி ஒரு பெண் வந்து நிற்க எழுபத்தொரு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இந்த எழுபத்தொரு ஆண்டுகளைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை கிலோவுக்கு மேல் இருப்பவர் வரக்கூடாது என்று அந்தப் போட்டியின் நுழைவு விதிகள் சொல்லவில்லை. உயரத்துக்கும் எடைக்கும் வரம்பு கிடையாது என்பதைப் போட்டி அமைப்பே விண்ணப்பிப்பவர்களுக்குச் சொல்லிவந்திருக்கிறது. எழுதி வைத்திருந்த விதிகள் வேறு. பிறப்பில் பெண்ணாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2012இல் போனது. திருமணமானவர், தாயானவர் வரக்கூடாது என்ற விதி 2023இல் நீங்கியது. அந்த ஆண்டே குவாத்தமாலாவும் கொலம்பியாவும் குழந்தை பெற்ற பெண்களை அனுப்பின. 28 வயது வரம்பு 2024இல் எடுக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களுக்குள் அர்ஜென்டினாவில் புவனஸ் அயர்ஸ் பட்டத்தை 60 வயதான அலெஹாந்த்ரா ரோட்ரிகஸ் வென்றார். எழுதிய விதியை ஒரு கையெழுத்தில் நீக்கிவிடலாம். நீக்கிய மறுநாளே அதன் பலனும் தெரிந்துவிடும். எடை விஷயத்தில் அடித்து நீக்குவதற்கு ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் மற்ற தடைகளெல்லாம் வரிசையாக விழுந்த பிறகும் இது அசையாமல் நிற்கிறது என்பது என் கருத்து. அழகிப் போட்டியில் மிகவும் பலமான விதி, எழுதப்படாமல் விடப்பட்ட இந்த விதிதான்.

எழுதிய விதிகளும் ஆதியிலிருந்தே இருந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. 1952இல் அமெரிக்காவின் லாங் பீச் நகரில் நடந்த முதல் பிரபஞ்ச அழகிப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போனவர் இந்திராணி ரஹ்மான். சென்னையில் பிறந்தவர், பின்னாளில் உலக மேடைகளில் நம் செவ்வியல் நடனங்களை ஆடிக் காட்டிய கலைஞர். போட்டிக்குப் போனபோதே அவருக்குத் திருமணமாகிக் குழந்தையும் இருந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1957இல், மிஸ் யுஎஸ்ஏ பட்டம் வென்ற லியோனா கேஜ் மணமானவர், இரண்டு பிள்ளைகளின் தாய் என்று தெரியவந்ததும் பட்டம் பறிக்கப்பட்டது. முதல் ஆண்டில் தடையாக இல்லாதது ஐந்து ஆண்டு கழித்துத் தகுதிக் குறைவாகிவிட்டது. என்றென்றைக்குமான அழகு இலக்கணம் என்று இந்த மேடைகள் முன்வைப்பவை எவ்வளவு அண்மையில் பிறந்தவை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. உடலளவின் கதையும் இப்படித்தான்.

அதைப் புரிந்துகொள்ள இந்தப் போட்டிகள் எதற்காகப் பிறந்தன என்று பார்க்க வேண்டும். 1921இல் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் மிஸ் அமெரிக்கா போட்டி தொடங்கியது, செப்டம்பர் முதல் வாரத்தோடு கோடை சீசன் முடிந்து ஊருக்குக் கிளம்பிவிடும் சுற்றுலாப் பயணிகளை இன்னும் சில நாள் தங்கவைக்க. 1951இல் லண்டனில் எரிக் மோர்லி தொடங்கிய உலக அழகிப் போட்டி, பிரிட்டன் விழாவையொட்டி நடந்த பிகினி போட்டியாகத்தான் ஆரம்பித்தது. பிரபஞ்ச அழகிப் போட்டி பிறந்த கதை இன்னும் வெளிப்படையானது. 1951ஆம் ஆண்டுக்கான மிஸ் அமெரிக்கா பட்டம் பெற்ற யோலாண்ட் பெட்பீஸ், பட்டம் சூடிய பிறகு நீச்சலுடையில் ஊர் ஊராகப் போய்க் காட்சி தர மறுத்துவிட்டார். புரவலராக இருந்த கேட்டலினா நீச்சலுடை நிறுவனம் கோபித்துக்கொண்டு விலகித் தனக்கென்று ஒரு போட்டியை உருவாக்கியது, அதுதான் இது. ஒரு பெண் தன் உடலைக் கடைச் சரக்குக்கு விளம்பரமாக்க மறுத்ததற்குப் பதிலாக எழுந்த மேடை இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், எல்லாப் போட்டியாளரும் நீச்சலுடையில் நடந்து காட்டியே ஆக வேண்டும் என்ற வழக்கம் ஏன் இத்தனை காலம் நீடித்தது என்று புரியும். அழகை அளக்க நீச்சலுடை சிறந்த கருவி என்று யாரும் ஆராய்ந்து முடிவு செய்யவில்லை. நீச்சலுடை விற்றவர்கள் போட்டி நடத்தினார்கள்.

நடுவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த உடல் ஒரே மாதிரியாகவும் இருக்கவில்லை. முதல் மிஸ் அமெரிக்காவான மார்கரெட் கோர்மனுக்கு வயது 16, உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், எடை 49 கிலோ. இன்றைய உடல் நிறை குறியீட்டெண் கணக்கில், அதாவது பிஎம்ஐ கணக்கில், அது 20ஐத் தாண்டும்; ஆரோக்கியமான அளவு. 1922 முதல் 1999 வரை பட்டம் பெற்றவர்களின் உயரத்தையும் எடையையும் கணக்கிட்டு 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வுக் குறிப்பு வெளிவந்தது. அந்தக் காலப் பகுதியில் வெற்றியாளர்களின் உயரம் 2 சதவீதம்கூடக் கூடவில்லை. எடை 12 சதவீதம் இறங்கியிருந்தது. 18.5க்குக் கீழே போனால் ஊட்டக்குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு; பிற்கால வெற்றியாளர்களில் பலர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். வெற்றியாளர்களோடு நில்லாமல் போட்டியாளர்களையே கணக்கில் எடுத்த இன்னோர் ஆய்வு, 1979 முதல் 1988 வரை வந்தவர்களில் 60 சதவீதம் பேர் தங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய எடையைவிட 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைவாக இருந்ததைக் கண்டது. அந்நாளைய மனநல மருத்துவக் கையேட்டில், பசியின்மை நோயான அனோரெக்சியாவை அடையாளம் காணும் குறிகளில் ஒன்றாகச் சொல்லப்பட்ட எடை இழப்பும் அதே 15 சதவீதம்தான். இதே பதிற்றாண்டுகளில் அமெரிக்கச் சாதாரணப் பெண்களின் சராசரி எடை ஏறிக்கொண்டு போனது. மேடையில் நிற்கும் பெண்ணுக்கும் அதை வீட்டிலிருந்து பார்க்கும் பெண்ணுக்கும் இடையிலான தூரம் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. யாரும் விதி எழுதவில்லை. ஆனாலும் விதி இறுகிக்கொண்டே வந்தது.

கிரீடம் தலையில் ஏறிய பிறகும் அந்த விதி விடுவதில்லை. 1996 மே மாதம் லாஸ் வேகாசில் பிரபஞ்ச அழகிப் பட்டம் பெற்றவர் வெனிசுவேலாவின் அலிசியா மச்சாடோ, அப்போது 19 வயது. பட்டம் பெற்ற பின் அவருக்கு எடை கூடியது. அந்த ஆண்டுதான் போட்டியின் உரிமையை வாங்கியிருந்த டொனால்ட் டிரம்ப், 1997 ஜனவரியில் அவரை நியூயார்க்கில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். பத்திரிகையாளர்களும் கேமராக்களும் சூழ்ந்து நிற்க அந்தப் பெண் உடற்பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. உணவுக் கோளாறுகளோடு பல ஆண்டுகள் போராடியதாக மச்சாடோ பின்னர் சொன்னார். இருபதே வயதான ஒரு பெண்ணின் இடுப்புச் சதை உலகச் செய்தியானது, அந்த உடல் அவருக்குச் சொந்தமானது என்ற எண்ணமே அங்கிருந்த யாருக்கும் எழாததால்தான். 2017 ஜனவரியில் மணிலாவில் நடந்த போட்டியில் கனடாவின் சியேரா பேர்செல் முதல் ஒன்பது பேருக்குள் வந்தார். துணிக்கடையில் யாரும் அவரைப் பிளஸ் சைஸ் பகுதிக்கு அனுப்பமாட்டார்கள். முந்தைய போட்டி ஒன்றில் இருந்ததைவிடச் சற்றே எடை கூடியிருந்தார், அவ்வளவுதான். அதற்கே சமூக ஊடகங்களில் அவருக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சமல்ல. அன்று மேடைக்குப் பின்னால் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தவர், 2016இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் நீச்சலுடைச் சிறப்பிதழ் அட்டையில் வந்த பிளஸ் சைஸ் மாடல் ஆஷ்லி கிரஹாம். ஆக, அந்த அரங்கில் பருத்த உடலுள்ள ஒரு பெண் மைக்கைப் பிடிக்கலாம் என்ற அளவுக்கு 2017இல் காலம் வந்திருந்தது. போட்டியாளரின் பட்டியைத் தோளில் அணிய இன்னும் ஆறு ஆண்டுகள் பிடித்தன.

மேடையில் நிற்கும் எண்பது, தொண்ணூறு பெண்களோடு இந்தப் பிரச்சினை முடிந்துவிடும் என்றால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. கண் முன் வைக்கப்படும் உடல் பார்ப்பவரின் உடலுக்குள் எப்படி இறங்குகிறது என்பதற்கு ஃபிஜித் தீவில் நடந்த ஓர் ஆய்வு தெளிவான சான்று. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பெக்கர் என்ற மனநல மருத்துவரும் மானுடவியலாளருமானவர் நடத்திய ஆய்வு அது. ஃபிஜியில் சதைப்பிடிப்பான உடல்தான் காலங்காலமாக மெச்சப்பட்டது. ஒருவர் இளைத்துப்போனால் சுற்றத்தார் கவலைப்பட்டார்கள். அவரைக் கவனிக்க ஆளில்லை என்று பொருள் கொண்டார்கள். தமிழருக்கு இது விளக்காமலே புரியும். ஊரிலிருந்து வந்த பெண்ணைப் பார்த்து ‘உடம்பு நல்லாத் தேறியிருக்கே’ என்பது நம்மிடம் வாழ்த்து. ‘ஏம்மா இப்படி எளச்சுட்டே’ என்பது விசாரிப்பு. ‘பூசினாப்ல’ என்ற சொல்லில் எந்தக் காலத்திலும் குறை தொனித்ததில்லை. ஃபிஜியின் நாட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்த 1995இல் பள்ளி மாணவிகளிடம் பெக்கர் ஒரு கணக்கெடுத்தார்; மூன்றாண்டு கழித்து 1998இல் அதே வயது மாணவிகளிடம் மறுபடி எடுத்தார். உணவுக் கோளாறுக்கான அறிகுறிகள் கவலை தரும் அளவைத் தாண்டியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமானார்கள். எடையைக் குறைக்க வேண்டி வலிய வாந்தி எடுப்பவர் என்று முதல் கணக்கில் ஒருவர்கூட இல்லை, இரண்டாவதில் 11.3 சதவீதம் பேர். அந்த மாணவிகள் பார்த்தவை பெரும்பாலும் வெளிநாட்டுத் தொடர்கள். அழகிப் போட்டிதான் நேரடிக் காரணம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் தொடரில் வரும் ஒல்லியான கதாநாயகி தன்னை அழகின் அளவுகோல் என்று அறிவித்துக்கொள்வதில்லை. அந்த அறிவிப்பைக் கிரீடம் வைத்து, நாட்டின் பெயரைத் தோளில் எழுதிச் செய்யும் நிகழ்ச்சி அழகிப் போட்டி ஒன்றுதான்.

இங்கே பலர் நியாயமான அக்கறையோடு எழுப்பும் ஒரு கேள்வி உண்டு. உடல் பருமன் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் மூட்டுத் தேய்வுக்கும் வழி செய்கிறது. தெற்காசியர்களுக்கு ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே இந்த ஆபத்து தொடங்கிவிடுகிறது. அப்படியிருக்கப் பருத்த உடலை மேடையேற்றிக் கொண்டாடுவது தவறான செய்தியைத் தராதா? இந்த மருத்துவ உண்மைகளில் எதையும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் இந்தக் கேள்வி ஒரு திசையில் மட்டுமே கேட்கப்பட்டுவந்திருக்கிறது. பிஎம்ஐ 17இல் நின்ற வெற்றியாளரைப் பார்த்து, இது இளம்பெண்களுக்குத் தவறான செய்தியாயிற்றே என்று எத்தனை பேர் பதறினார்கள்? 2006 ஆகஸ்டில் உருகுவே நாட்டின் லூயிசெல் ராமோஸ் என்ற 22 வயது மாடல் ஃபேஷன் ஷோவில் நடந்து முடித்த சற்று நேரத்தில் விழுந்து இறந்தார். அந்த நவம்பரில் பிரேசிலின் அனா கரோலினா ரெஸ்டன் 21 வயதில் இறந்தபோது அவர் எடை சுமார் 40 கிலோ. 13 வயதில் சொந்த ஊரில் ஓர் அழகிப் போட்டியில் வென்றுதான் ரெஸ்டன் இந்தத் தொழிலுக்கே வந்தார். ராமோஸின் சாவையொட்டிய விவாதத்தில் மாட்ரிட் ஃபேஷன் வாரம் பிஎம்ஐ 18க்குக் கீழே இருப்பவர்களை மேடையேற்ற மறுத்தது. இஸ்ரேல் 2012இல் 18.5ஐச் சட்டமாக்கியது. 2017 முதல் பிரான்ஸில் மாடல்கள் மருத்துவச் சான்று தர வேண்டும். மெலிவுக்கும் ஒரு கீழ்வரம்பு வேண்டும் என்று நாடுகள் சட்டம் போட வேண்டிய நிலை வந்தது, அந்தத் தொழிலில் ஆரோக்கியம் என்ற சொல் எடை குறைந்தவரைப் பற்றி ஒருநாளும் பேசப்படாததால்.

இன்னொன்றும் உண்டு. எடையைச் சொல்லி அவமானப்படுத்தினால் எடை குறையும் என்ற நம்பிக்கை நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆய்வுகள் அதற்கு நேர் எதிரானதைச் சொல்கின்றன. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நான்காண்டு பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில், தொடக்கத்தில் உடல் பருமன் இல்லாதிருந்து, எடைக்காகப் பாகுபாட்டுக்கு ஆளானவர்கள், ஆளாகாதவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாகப் பிறகு பருமனாகியிருந்தார்கள். ஏச்சுக் கேட்டவர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகக் கூசுகிறார், மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார், மன அழுத்தத்தில் கூடுதலாகச் சாப்பிடுகிறார். பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்கு இது இரட்டைச் சுமை. உலகெங்கும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்தக் கோளாறு உண்டு. அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு இருப்பதையே அறியாதவர்கள். ஹார்மோன் குழப்பத்தால் எடை எளிதில் ஏறுகிறது, இறங்க மறுக்கிறது. சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சீர்படுத்துவது அதற்கான மருத்துவத்தில் முக்கியமான பகுதிதான். ஆனால் மாதவிடாய் ஏன் தவறுகிறது, முகத்தில் ஏன் முடி வளர்கிறது என்று ஒரு பெண் வாய் திறந்து கேட்டால்தானே அந்த மருத்துவம் தொடங்க முடியும்? லட்சக்கணக்கானோர் பார்க்கும் மேடையில் ஏறிய 22 வயதுச் செவிலியர் ஒருவர் எனக்கு இது இருக்கிறது என்று சொன்னது, பொது சுகாதாரத்துக்குச் செய்த கேடு என்று எப்படிச் சொல்வது? என் பார்வையில் அது ஒரு தொண்டு.

போட்டி என்றால் அளவுகோல் வேண்டாமா, கூடைப்பந்து ஆட உயரம் வேண்டாமா என்பது அடுத்த வாதம். அளவுகோல் வேண்டும்தான். கூடைப்பந்தில் உயரம் உதவுகிறது, ஆனால் வளையத்தில் பந்து விழுந்தால் குள்ளமானவருக்கும் அதே புள்ளிதான். அங்கே எதற்குப் புள்ளி என்பது விதியில் இருக்கிறது. அழகிப் போட்டிகள் தாங்கள் தன்னம்பிக்கையையும் பேச்சுத் திறனையும் சமூகப் பணியையும் தேடுவதாகச் சொல்லிக்கொள்கின்றன. அவற்றைத் தேடும் போட்டி எழுபது ஆண்டுகளாக ஒரே வகை உடலுக்குள்ளேயே அவற்றைக் கண்டுபிடித்துவந்தது என்றால், தன்னம்பிக்கையும் பேச்சும் உண்மையில் அளக்கப்படவில்லை, இடுப்பு முதலில் அளக்கப்பட்டது என்றுதான் பொருள். மெலிந்த உடலைத்தான் தேடுகிறோம் என்று ஒரு போட்டி வெளிப்படையாக எழுதிவைத்தால் அதோடு வாதாடலாம், வழக்காடலாம், குறைந்தபட்சம் அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம். எழுதாமல் நடத்துவதில்தான் அநியாயம் இருக்கிறது. தோற்ற பெண்ணுக்குத் தான் ஏன் தோற்றோம் என்றே தெரிவதில்லை. தன் உடலே குற்றம் என்று அவளே முடிவு கட்டிக்கொள்கிறாள்.

இந்தப் போட்டிகளே வேண்டாம் என்பவர்களின் குரல் பழையது, மரியாதைக்குரியது. 1968 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டி அரங்குக்கு வெளியே பெண்கள் கூடி இடுப்புக் கச்சைகளையும் குதிகால் செருப்புகளையும் குப்பைத் தொட்டியில் வீசினார்கள். 1970இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் உலக அழகிப் போட்டி நடக்கும்போதே மாவுப் பொட்டலங்கள் பறந்தன. 1996இல் பெங்களூரில் அதே போட்டி நடந்தபோது எழுந்த எதிர்ப்பில் நீச்சலுடைச் சுற்றை செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பண்பாட்டின் பெயரால் எதிர்த்தவர்களும் பெண்ணுரிமையின் பெயரால் எதிர்த்தவர்களும் அன்று ஒரே தெருவில் நின்றார்கள்; இரு தரப்பின் காரணங்களும் வேறு வேறு. பெண்ணுரிமைத் தரப்பின் வாதத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. உடலைத் தரவரிசைப்படுத்துவது ஒழிய வேண்டும் என்பது சரியான இலக்கு. ஆனால் ஐம்பது ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகும் போட்டிகள் நின்றுவிடவில்லை. பிலிப்பைன்ஸிலும் வெனிசுவேலாவிலும் நேபாளத்திலும் அவை பெண்களுக்குத் தொழில் வாசலாக இருக்கின்றன. இருக்கும்வரை அவை காட்டும் உடல் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கும். ஒழியும்வரை காத்திருங்கள் என்று இன்று பள்ளியில் படிக்கும் பெண்ணிடம் சொல்ல முடியாது.

ஒரு நேபாளப் பெண்ணை மேடையேற்றியதோடு எல்லாம் மாறிவிட்டதா என்ற சந்தேகம்தான் என்னை அதிகம் தொடுகிறது. 2008இலேயே இங்கிலாந்தில், ஆடை அளவு 16 கொண்ட 17 வயது குளோயி மார்ஷல் வழக்கமான மிஸ் இங்கிலாந்து போட்டியில் இறங்கி இரண்டாம் இடம் பெற்றார். வழி திறந்துவிட்டது என்று அப்போதும் எழுதினார்கள். பிரபஞ்ச மேடையில் அடுத்தவரைப் பார்க்க 15 ஆண்டுகள் ஆயின. தனிமரம் தோப்பாகாது. பருமனான பெண்களுக்கென்றே தனிப் போட்டிகள் பல நாடுகளில் நடக்கின்றன; தாய்லாந்தில் யானைப் பண்ணை ஒன்று ஜம்போ ராணி என்ற பெயரிலேயே ஒன்றை நடத்திவந்தது. கலந்துகொள்ளும் பெண்களுக்கு அவை மகிழ்ச்சி தரலாம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் தனிப் பந்தி போடுவது பொதுப் பந்தியில் இடம் கொடுப்பதாகாது. ‘பிளஸ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மாடலிங் தொழிலில் 12ஆம் அளவு அணிபவர் எளிதில் பிளஸ் ஆகிவிடுகிறார். 2016இல் வந்த ஓர் ஆய்வுப்படி அந்நாட்டுப் பெண்களின் சராசரி அளவு 16க்கும் 18க்கும் இடையில். சராசரிப் பெண்ணுக்கும் கீழே தொடங்கும் ஒன்றுக்குக் கூடுதல் என்று பெயர் வைத்தால், நாட்டிலுள்ள பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் கூடுதலாகிவிடுகிறார்கள்.

ஆகவே யாரை உள்ளே விடுவது என்ற கேள்வியோடு நிற்கக் கூடாது. உள்ளே வந்த பிறகு எதற்கு மதிப்பெண் என்று கேட்க வேண்டும். உலக அழகிப் போட்டி நீச்சலுடைச் சுற்றைக் கைவிடுவதாக 2014இல் அறிவித்தது. மிஸ் அமெரிக்கா 2018இல் கைவிட்டது. போட்டியே படுத்துவிடும் என்று அப்போது சொன்னார்கள். இரண்டும் இன்றும் நடக்கின்றன. ஆனால் மிஸ் அமெரிக்காவில் உடற்பயிற்சி உடையில் நடக்கும் உடற்தகுதிச் சுற்று என்ற பெயரில் வேறொன்று சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. உடற்தகுதி என்றால் எத்தனை நிமிடம் ஓட முடிகிறது, எவ்வளவு பாரம் தூக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். உடையணிந்து நடந்து காட்டுவதில் தெரிவது உடலின் வடிவம் மட்டுமே. எழுதாத விதிக்கு வேறு பெயரில் திரும்பி வரத் தெரிகிறது.

பிரபஞ்ச அழகிப் போட்டியைத் தொலைக்காட்சியில் 1980களிலும் 90களிலும் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். நீச்சலுடைக்கு இத்தனை, மாலை உடைக்கு இத்தனை, நேர்காணலுக்கு இத்தனை என்று மதிப்பெண்கள் தசமப் புள்ளியோடு திரையில் வந்துகொண்டே இருக்கும். யார் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்று வீட்டிலிருப்பவர்களே கணக்குப் போடலாம். அந்த வழக்கம் பிறகு நின்றுபோனது. அதைத் திரும்பக் கொண்டுவந்து, ஒவ்வொரு சுற்றிலும் நடுவர்கள் எதைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள் என்பதையும் எழுத்தில் வெளியிட்டால், எடை பற்றிய விதி முதன்முறையாக எழுதப்பட்டுவிடும். எழுதப்பட்டதை அடிக்கவும் முடியும். எந்தப் புதிய சட்டமும் தேவையில்லாத, செலவே இல்லாத காரியம் இது. சான் சால்வடோரில் அந்த 20 பேரும் நீச்சலுடையில் நடந்து முடித்த பிறகு 10 பெயர்கள் வாசிக்கப்பட்டன. நேபாளத்தின் பெயர் அவற்றில் இல்லை. அது எந்த மதிப்பெண்ணில் நின்றது என்று அந்த இரவில் யாருக்கும் சொல்லப்படவில்லை.